மருந்தை வெறுத்த டாக்டர்

குன்னூர் மலைச்சரிவு. காலைப் பனி இன்னும் விலகவில்லை. தேயிலைத் தோட்டத்தில் பெண்கள் வரிசை பிடித்துக் கொழுந்து பறிக்கிறார்கள். சரிவில் ஒரு கால் மேலே, ஒரு கால் கீழே. முதுகில் கூடை. கூடையின் பட்டை தலையில். கைகள் மட்டும் ஓயாமல் ஓடுகின்றன.

கூடைக்குப் பதிலாக இப்போது பல தோட்டங்களில் பை வந்துவிட்டது. ஆனால் பாரம் அதே பாரம்தான். முதுகும் அதே முதுகுதான்.

எடை போடும் நேரம் வருகிறது. கீழே வைத்த பாரத்தைத் தூக்க ஒரு பெண் குனிகிறாள். இடுப்பில் சுரீர் என்கிறது. அவ்வளவுதான். நிமிரவும் முடியவில்லை. குனியவும் முடியவில்லை. பக்கத்து வரிசைக்காரி கைத்தாங்கலாகப் பிடித்து உட்கார வைக்கிறாள்.

இடுப்புப் பிடிப்பு என்று இதைச் சொல்வார்கள். தைலம் தேய்ப்பார்கள். தவிட்டை வறுத்து ஒத்தடம் கொடுப்பார்கள். தாய் வயிற்றிலிருந்து காலால் பிறந்தவரைத் தேடிப் பிடித்து, இடுப்பை மிதிக்கச் சொல்வதும் உண்டு. அப்படி மிதித்துப் பிடிப்புப் போனவர்களும் இருக்கலாம். வலி அதிகமானவர்களும் இருக்கலாம்.

இந்தப் பெண் பிசியோதெரபி படித்த ஒருவரிடம் போனால், அவர் சில சமயம் ஒரு விநோதமான சிகிச்சை செய்வார். மாத்திரை இல்லை. ஊசி இல்லை. எலும்பை மடக்கென்று சொடுக்குவதும் இல்லை. அவளை மல்லாக்கப் படுக்க வைப்பார். ஒரு காலை மடக்கி, முழங்காலை மார்புப் பக்கம் கொண்டு போவார். எந்த இடத்தில் கால் இறுகி நின்றுவிடுகிறதோ, அந்த இடத்தில் நிறுத்திக் கொள்வார். பிறகு, தன் கையை எதிர்த்துக் காலை லேசாகத் தள்ளும்படி அவளிடமே சொல்வார். ஐந்து வரை எண்ணுவார். விடச் சொல்வார். முன்பு நகராத கால், இப்போது இன்னும் கொஞ்சம் நகரும்.

இதற்குத் தசை ஆற்றல் முறை என்று பெயர். மஸில் எனர்ஜி டெக்னிக் என்று டாக்டர்கள் சொல்வார்கள். டாக்டரின் கை பிடித்துக் கொண்டிருக்கும். வேலை செய்வது நோயாளியின் தசை.

இந்த முறை எங்கிருந்து வந்தது? வேரைத் தேடிப் போனால், 1864-ம் ஆண்டில், அமெரிக்காவில், பெற்ற பிள்ளைகளின் பிணங்களுக்கு முன்னால் கையைப் பிசைந்து கொண்டு நின்ற ஒரு டாக்டரிடம் போய்ச் சேரலாம். அவர் பெயர் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில்.

மரக்குடிசை

ஸ்டில் பிறந்தது 1828-ம் ஆண்டு ஆகஸ்டு 6-ந் தேதி. ஊர், வர்ஜீனியா மாகாணத்தில் லீ என்னும் ஜில்லா. வீடு, மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டிய ஒரு குடிசை.

அந்தக் காலம் எப்படிப்பட்டது என்பதற்கு நம் மலையையே அளவுகோலாக வைத்துக் கொள்ளலாம். கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் நீலகிரி மலையில் முதன்முதலாக ஏறியது 1819-ம் ஆண்டு. ஸ்டில் பிறந்தபோது ஊட்டியில் வெள்ளைக்காரர் கட்டிய வீடுகளைச் சுலபமாக எண்ணிவிடலாம். தேயிலைத் தோட்டமே கிடையாது.

ஸ்டில்லின் தந்தை ஆப்ராம் ஸ்டில் ஒரு பாதிரியார். குதிரையில் ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கம் செய்வார். வைத்தியமும் தெரியும். ஒரே பையில் பைபிளும் இருக்கும், மருந்தும் இருக்கும். சம்பளம் கொஞ்சம். பிள்ளைகள் ஒன்பது பேர். குடும்பம் வர்ஜீனியாவிலிருந்து டென்னஸி போயிற்று. டென்னஸியிலிருந்து மிசௌரி போயிற்று. ஆண்ட்ரூ காட்டில் வேட்டையாடினான். மான், அணில் இவற்றின் தோலை உரிக்கும்போது எலும்பையும் தசையையும் நரம்பையும் கூர்ந்து பார்த்தான். அவனுக்கு உடற்கூறு பற்றிய முதல் பாடப் புத்தகம் அதுதான்.

அவனுக்குப் பத்து வயது இருக்கும்போது ஒரு சம்பவம் நடந்தது. பிற்காலத்தில் அதை அவரே தம் சுயசரிதையில் எழுதி வைத்தார்.

சிறுவனுக்குத் தாங்க முடியாத தலைவலி. இரண்டு மரங்களுக்கு நடுவே, அப்பாவின் ஏர்க்கயிற்றைக் கட்டி ஊஞ்சல் ஆட நினைத்தான். தலைவலியில் ஆட முடியவில்லை. கயிற்றைத் தரைக்கு ஒரு சாண் உயரத்துக்குத் தாழ்த்தினான். அதன் மேல் ஒரு போர்வையைப் போட்டான். தரையில் படுத்து, கயிற்றைத் தலையணை போலக் கழுத்துக்குக் கொடுத்துக் கொண்டான். அப்படியே தூங்கிப் போனான். எழுந்தபோது தலைவலி இல்லை.

அதன் பிறகு தலைவலி வரும் போதெல்லாம் அவன் கயிற்றைத் தேடிப் போனான். ஏன் வலி போகிறது என்பது அவனுக்குத் தெரியாது. தெரிந்து கொள்ளப் பல வருடங்கள் ஆயின.

போரும் பிணமும்

ஆப்ராம் ஸ்டில் அடிமை முறையை வெறுத்தவர். மிசௌரியோ அடிமைகளை வைத்திருந்த மாகாணம். அவர் வாய் சும்மா இருக்கவில்லை. ஆகவே, சர்ச்சார் அவரைக் கன்ஸாஸ் பிரதேசத்துக்கு அனுப்பினார்கள். அங்கே ஷானி என்னும் பழங்குடி மக்களிடையே அவர் ஊழியம் செய்தார்.

மகன் ஆண்ட்ரூவுக்கு 1849-ல் கல்யாணம் ஆயிற்று. மனைவி மேரி மார்கரெட். 1853-ல் அவரும் கன்ஸாஸ் வந்து தந்தையோடு சேர்ந்தார். பகலில் நிலத்தை உழுதார். அழைத்த வீடுகளுக்குப் போய் வைத்தியம் பார்த்தார். ஷானி மக்களிடையே காலரா பரவியபோது தந்தையும் மகனும் சேர்ந்து சிகிச்சை செய்தார்கள். அந்த நாளில் அமெரிக்க எல்லைப்புறத்தில் டாக்டர் ஆவதற்குப் பட்டம் தேவை இல்லை. ஒரு டாக்டரின் கூடவே திரிந்து கற்றுக் கொண்டால் போதும். தந்தையே குரு.

அப்பாவைப் போலவே மகனும் அடிமை முறையை எதிர்த்தார். 1857-ல் கன்ஸாஸ் சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1859-ல் மனைவி இறந்தாள். அடுத்த ஆண்டு மேரி எல்விரா டர்னர் என்ற பள்ளி ஆசிரியையை மணந்து கொண்டார். 1861-ல் அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டது. அடிமை முறையை எதிர்த்த வடக்குப் பட்டாளத்தில் அவர் சேர்ந்தார். குதிரைப் படையில் ஆஸ்பத்திரிப் பொறுப்பு.

போர்க்களத்தில் குண்டுக்குச் செத்தவர்களையும் அவர் பார்த்தார். வைத்தியத்துக்குச் செத்தவர்களையும் பார்த்தார்.

இது மிகையல்ல. அந்தக் காலத்து டாக்டர் பையில் என்ன இருந்தது? பாதரசம் கலந்த காலமல் என்னும் பேதி மருந்து. அதைத் தின்று பல் உதிர்ந்தவர்கள் எத்தனையோ பேர். அபினி இருந்தது. விஸ்கி இருந்தது. காய்ச்சல் என்றால் நரம்பை வெட்டி ரத்தம் எடுப்பார்கள். வலி என்றால் அபினி கொடுப்பார்கள். நோயிலிருந்து பிழைத்தவன் அபினிக்கு அடிமை ஆவான்.

1864-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் ஸ்டில்லின் வீட்டுக்கே நோய் வந்தது. முதுகுத்தண்டையும் மூளையையும் தாக்கும் மூளைக் காய்ச்சல். அவரும் டாக்டர். ஆனாலும் தம் வைத்தியத்தை மட்டும் நம்பி இருக்கவில்லை. அந்தப் பக்கத்தில் இருந்த நல்ல டாக்டர்களை எல்லாம் அழைத்தார். பாதிரியார்களும் வந்தார்கள். ஒருவர் மருந்து கொடுத்தார். ஒருவர் ஜெபம் செய்தார். டாக்டர்கள் தங்களால் ஆனதை எல்லாம் செய்தார்கள். அதை ஸ்டில் ஒருநாளும் மறுத்தது இல்லை.

மூன்று பிள்ளைகள் இறந்தார்கள். இருவர் அவர் பெற்றவர்கள். ஒருத்தி வளர்ப்பு மகள். கண்ணீர் காய்வதற்குள், கைக்குழந்தை ஒன்றும் நிமோனியாவில் போயிற்று.

வேறொருவராக இருந்தால் விதி என்று சொல்லி ஓய்ந்திருப்பார். ஸ்டில் வேறு மாதிரி யோசித்தார். கடவுள் மனித உடலைப் படைத்தார். அந்த உடலுக்குள் நோயைப் போக்கும் வழியை வைக்காமலா படைத்திருப்பார்? டாக்டர்கள் வெளியே, பாட்டிலில் தேடுகிறார்கள். உள்ளே தேட வேண்டும். இதுதான் அவருக்கு வந்த யோசனை. அதைப் பிடித்துக் கொண்டார். பத்து வருடம் விடவில்லை.

எலும்புச் சாக்கு

உடலைத் தெரிந்து கொள்ள எலும்பு வேண்டும். எலும்புக்கு எங்கே போவது? கன்ஸாஸ் சமவெளியில் பழங்குடி மக்களைப் புதைத்த இடங்கள் இருந்தன. ஸ்டில் அவற்றைத் தோண்டி எடுத்துப் படித்தார். அறிவு வளர்ந்தது உண்மைதான். ஆனாலும் தம் முன்னோரின் கல்லறையை இப்படித் தோண்டுவதை எந்த மக்கள் பொறுப்பார்கள்? அந்த மக்களுக்கு வைத்தியம் பார்த்த கைகளே இதையும் செய்தன.

ஒவ்வொரு எலும்பையும் அவர் தடவித் தடவிப் பழகினார். கண்ணால் பார்க்காமல் கையால் தொட்டே, இது இன்ன எலும்பு, இது வலப்பக்கம், இது இடப்பக்கம் என்று சொல்லும் அளவுக்குத் தேறினார்.

அவர் கண்ட முடிவு இது: உடல் ஓர் இயந்திரம். எலும்பும் மூட்டும் தசையும் சரியாக அசைந்தால் ரத்தம் தடையில்லாமல் ஓடும். ரத்தம் ஓடினால் உடல் தன்னைத்தானே குணப்படுத்திக் கொள்ளும். ஓர் இடத்தில் அசைவு தடைப்பட்டால் அங்கே நோய். டாக்டரின் வேலை, கையால் தடவி அந்தத் தடையைக் கண்டுபிடித்து விடுவிப்பதுதான்.

1874-ம் ஆண்டு ஜூன் 22-ந் தேதி இதை அவர் உலகுக்கு அறிவித்தார். உலகம் காது கொடுக்கவில்லை.

கன்ஸாசில் பேக்கர் யூனிவர்சிடி என்ற கல்லூரி இருந்தது. அதைக் கட்ட நிலம் கொடுத்தவர்கள் ஸ்டில் குடும்பத்தார். அங்கே தம் முறையைப் பற்றிப் பேச அனுமதி கேட்டார். கல்லூரி மறுத்துவிட்டது. கையை வைத்து நோயைத் தீர்ப்பது ஏசுநாதர் ஒருவருக்கே உரியது, இந்த மனிதர் செய்வது தெய்வ நிந்தனை என்று சர்ச்சில் பேசிக் கொண்டார்கள். பைத்தியம் பிடித்துவிட்டது என்று சொன்னவர்களும் உண்டு. நிலம் கொடுத்தவருக்கு நிற்க இடம் இல்லை.

ஸ்டில் கன்ஸாசை விட்டுக் கிளம்பினார். மிசௌரி மாகாணத்தில் மேகன் என்ற ஊருக்குப் போனார்.

ஒருநாள் தெருவில் ஒரு தாய் பிள்ளைகளோடு போய்க் கொண்டிருந்தாள். சின்னப் பையனின் காலில் ரத்தம் வழிந்தது. பையனுக்கு ரத்த பேதி. ஸ்டில் ஓடிப் போய்ப் பையனைத் தூக்கிக் கொண்டார். முதுகைத் தொட்டார். கொதித்தது. வயிற்றைத் தொட்டார். சில்லிட்டிருந்தது. நடந்து கொண்டே, இடுப்புப் பக்கம் இறுகிக் கிடந்த தசையை அழுத்தித் தளர்த்தினார். மறுநாள் தாய் வந்து, பையன் தேறிவிட்டான் என்றாள். ஊரில் அப்போது ரத்த பேதி பரவி இருந்தது. இன்னும் பலர் அவரைத் தேடி வந்தார்கள்.

ரத்த பேதி பல சமயம் தானாகவே நிற்கும் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஸ்டில் அதைத் தம் கையின் வெற்றி என்றே கடைசி வரை நம்பினார்.

ரெயில் ஏறி வந்த நோயாளிகள்

1875-ல் அதே மாகாணத்தில் கிர்க்ஸ்வில் என்ற சிற்றூரில் அவர் குடியேறினார். ஊர் பார்த்துச் சிரித்தது. நெட்டையான உடம்பு. தாடி. கசங்கிய உடை. கால்சட்டையைப் பூட்சுக்குள் சொருகி, கையில் தடி, தோளில் எலும்புச் சாக்கு. மின்னல் வேக எலும்பு வைத்தியர் என்று தம்மைத் தாமே விளம்பரம் செய்து கொண்டார். வருமானம் போதாமல் ஊர் ஊராகச் சுற்றினார்.

மெல்ல மெல்லக் காற்று திசை மாறியது. முதுகைப் பிடித்துக் கொண்டு வந்தவர்கள் நிமிர்ந்து போனார்கள். கட்டிலில் தூக்கி வந்தவர்களில் சிலர் நடந்து போனார்கள். சிரித்த ஊரே சொந்தக்காரர்களை அழைத்து வந்தது. வெளி மாகாணங்களிலிருந்து ஜனங்கள் ரெயில் ஏறி வந்தார்கள். ஊரில் ஓட்டல்கள் முளைத்தன.

1885-ம் ஆண்டையொட்டித் தம் முறைக்கு ஆஸ்டியோபதி என்று பெயர் வைத்தார். 1892-ல் பள்ளிக்கூடம் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 64. முதல் வகுப்பில் சுமார் 20 பேர். அவருடைய சொந்தப் பிள்ளைகளும் மாணவர்களாக உட்கார்ந்தார்கள். பெண்களையும் சேர்த்துக் கொண்டார். அன்றைய அமெரிக்காவில் பல வைத்தியக் கல்லூரிகள் பெண்களுக்குக் கதவைத் திறக்காத காலம் அது. எடின்பரோவில் படித்த வில்லியம் ஸ்மித் என்ற டாக்டர், வைத்தியக் கருவிகள் விற்க அந்த ஊருக்கு வந்தவர். ஸ்டில்லின் மோசடியை அம்பலப்படுத்தலாம் என்று பார்க்கப் போனார். பேசி முடித்தபோது, அவர் பள்ளியிலேயே உடற்கூறு ஆசிரியராகச் சேர்ந்துவிட்டார்.

நீலகிரி சொன்ன பதில்

ஸ்டில் காலமலை வெறுத்தார். சரி. அபினியை வெறுத்தார். அதுவும் சரி. ஆனால் அவர் அத்தோடு நிற்கவில்லை. ஏறக்குறைய எல்லா மருந்தையும் ஒரே மூட்டையாகக் கட்டி வெளியே எறியச் சொன்னார். அம்மை குத்துவதைக் கூட அவர் ஏற்கவில்லை.

இங்கேதான் அவர் வழுக்கினார். அதற்குச் சாட்சி நம் நீலகிரியிலேயே இருந்தது.

1860-ம் ஆண்டு வாக்கில் தொட்டபெட்டாவிலும் பிறகு நடுவட்டத்திலும் சின்கோனா மரம் நட்டார்கள். அதன் பட்டையிலிருந்து கொயினா எடுத்தார்கள். மலேரியாக் காய்ச்சலில் விழுந்த எத்தனையோ பேரை எழுப்பியது அந்தக் கசப்பு மருந்துதான். தபால் ஆபீசுகளில் கொயினாப் பொட்டலம் விற்ற காலமும் உண்டு. மலேரியாவை எந்தக் கையாலும் தடவிப் போக்க முடியாது.

1907-ல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் ஏற்பட்டது. அதற்குப் பணம் கொடுத்தவர் ஹென்றி ஃபிப்ஸ் என்ற அமெரிக்கச் செல்வர். ஸ்டில்லின் நாட்டுக்காரர். வெறிநாய் கடித்தவர்களுக்கு அங்கே ஊசி போட்டார்கள். சாக வேண்டியவர்கள் வீடு திரும்பினார்கள். அந்த ஆண்டு ஸ்டில் கிர்க்ஸ்வில்லில் உயிரோடுதான் இருந்தார். வயது 79.

அவருடைய பிள்ளைகளைக் கொன்ற மூளைக் காய்ச்சல் இருக்கிறதே, அதை இன்று மருந்தால் குணப்படுத்துகிறார்கள். பென்சிலினை அலெக்சாண்டர் பிளெமிங் கண்டது 1928-ம் ஆண்டு. ஸ்டில் பிறந்து சரியாக நூறு வருடம் கழித்து. எந்தப் பாட்டிலில் ஒன்றும் இல்லை என்று அந்தத் தகப்பன் திரும்பி நடந்தாரோ, அந்தப் பாட்டிலில்தான் கடைசியில் மருந்து வந்தது. பிள்ளைகளைப் பறிகொடுத்தவரிடம் அதை முன்கூட்டி யார் சொல்லி இருக்க முடியும்?

ஸ்டில் 1917-ம் ஆண்டு டிசம்பர் 12-ந் தேதி காலமானார். வயது 89. அவருடைய சீடர்கள் குருவைவிடச் சாமர்த்தியசாலிகள். கையையும் விடவில்லை. மருந்தையும் சேர்த்துக் கொண்டார்கள். அமெரிக்காவில் இன்று ஆஸ்டியோபதி படித்தவர்கள் மற்ற டாக்டர்களைப் போலவே மருந்து எழுதுகிறார்கள், ஆபரேஷன் செய்கிறார்கள்.

இன்னொரு தகப்பன்

ஸ்டில் இறந்த பிறகு பல வருடம், அவர் வழியில் வந்தவர்கள் மூட்டைத் தாங்களே அழுத்தியும் சொடுக்கியும் அசைத்து வந்தார்கள். டாக்டர் தள்ளுவார். நோயாளி சும்மா கிடப்பார்.

இதைத் தலைகீழாக மாற்றியவர் பிரெட் மிச்செல். டென்னஸி மாகாணத்தில் சட்டனூகா என்ற ஊரில் வைத்தியம் செய்தவர். அவர் இந்தத் தொழிலுக்கு வந்ததே ஒரு பிள்ளையால்தான். அவருடைய மகன் சிறு வயதில் தீக்காயம் பட்டுச் சாகக் கிடந்தான். ஆஸ்டியோபதி டாக்டர் ஒருவர் சிகிச்சை செய்தார். பையன் பிழைத்தான். அதைப் பார்த்த தந்தை தாமும் அந்தப் படிப்பைப் படித்து டாக்டரானார். பிள்ளை இறந்ததால் ஒருவர் கிளம்பினார். பிள்ளை பிழைத்ததால் இன்னொருவர் தொடர்ந்தார்.

ருடி என்ற டாக்டர், நோயாளியையே தசையை இயக்கச் சொல்லும் ஒரு முறையை ஏற்கெனவே கையாண்டிருந்தார். மிச்செல் அதை எடுத்துக் கொண்டு இடுப்புக்குத் திருப்பினார். 1958-ல் இடுப்பெலும்பின் அசைவு பற்றி அவர் எழுதிய கட்டுரை வெளிவந்தது. தசை ஆற்றல் முறைக்கு அதுவே அடிப்படை. 1974-ல் அவர் இறந்தார். தீக்காயத்திலிருந்து பிழைத்த மகன் அந்த முறையைப் புத்தகமாக எழுதி, ஊர் ஊராகக் கற்பித்தார்.

இடுப்புக்குள் நடப்பது என்ன?

முதுகெலும்பின் அடியில் முக்கோணமாக ஓர் எலும்பு இருக்கிறது. அதன் இரண்டு பக்கமும் இடுப்பெலும்புகள் வந்து சேர்கின்றன. சேரும் இடத்தில் ஆளுக்கு இரண்டு மூட்டுகள். முழங்கால் போல மடங்கும் மூட்டுகள் அல்ல. கண்ணுக்குத் தெரியாத அளவுக்குத்தான் அசையும். ஆனால் உடம்பின் மேல்பாரம் முழுவதும் கால்களுக்கு இறங்கும் வழி அதுதான். அங்கோ, அதற்கு மேலே உள்ள முதுகெலும்பு மூட்டுகளிலோ இறுக்கம் ஏற்பட்டால், சுற்றி இருக்கும் தசை காவல் காப்பது போல விறைத்துக் கொள்ளும். விறைத்த தசையை முரட்டுத்தனமாக இழுத்தால் இன்னும் விறைக்கும்.

ஆகவே இழுப்பதில்லை. இறுகி நிற்கும் எல்லை வரை மெதுவாகக் கொண்டு போய், அங்கிருந்து நோயாளியை எதிர்ப்பக்கம் தள்ளச் சொல்கிறார்கள். முழு பலத்தோடு அல்ல. ஐந்தில் ஒரு பங்கு பலம் போதும். ஐந்து விநாடி போதும். டாக்டர் கை அசையாது. விட்ட பிறகு தசை தளர்ந்திருக்கும் அந்தச் சில விநாடியில், எல்லை கொஞ்சம் தள்ளிப் போகும். புதிய எல்லையில் மறுபடியும். இப்படி மூன்று நான்கு தடவை.

முன்பெல்லாம் எலும்பு இடம் பெயர்ந்துவிட்டது, அதைத் திரும்ப உட்கார வைக்கிறோம் என்று சொல்வார்கள். இப்போது அப்படிப் பலர் சொல்வதில்லை. எலும்பு எங்கும் போய்விடவில்லை. தசையின் விறைப்பும், இழுப்பை நரம்பு தாங்கிக் கொள்ளும் அளவும்தான் மாறுகின்றன என்று கருதுகிறார்கள்.

இது எல்லா இடுப்பு வலிக்கும் மருந்தா? இல்லை. 2015-ல் இந்த முறை பற்றிய 12 சோதனைகளைச் சேர்த்து ஆராய்ந்தவர்கள், சோதனைகள் பெரும்பாலும் தரத்தில் குறைந்தவை, உறுதியாகப் பலன் உண்டு என்று சொல்லப் போதுமான சான்று இல்லை என்று முடிவு கூறினார்கள். சிலருக்குச் சுகம் தருகிறது. பக்குவமாகச் செய்தால் உடம்புக்குக் கெடுதல் குறைவு. அதனால் பிசியோதெரபி படிப்பவர்கள் இதையும் கற்கிறார்கள். நடப்பது, மெல்ல மெல்லப் பயிற்சி செய்வது, பாரத்தைத் தூக்கும்போது முழங்காலை மடக்கித் தூக்குவது இவற்றோடு சேர்த்துத்தான் இதைச் செய்கிறார்கள். தனியாக அல்ல.

காலில் உணர்ச்சி குறைந்தாலும், கால் பலம் இழந்தாலும், சிறுநீர் அல்லது மலம் போவதில் தடையோ கட்டுப்பாடின்மையோ ஏற்பட்டாலும், காய்ச்சலோடு முதுகு வலித்தாலும், சரிவில் விழுந்து அடிபட்டிருந்தாலும், தடவிப் பார்ப்பதற்கு யாரையும் தேடக் கூடாது. நேராக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். காலால் பிறந்தவரையும் கூப்பிட வேண்டாம்.

ஸ்டில் பிறந்த மரக்குடிசை வர்ஜீனியாவில் இப்போது இல்லை. அதைக் கட்டை கட்டையாகப் பிரித்து எடுத்து, கிர்க்ஸ்வில்லுக்குக் கொண்டு வந்து மறுபடியும் கட்டிவிட்டார்கள். அவர் தொடங்கிய பள்ளிக்கூடம் இன்று அவர் பெயர் தாங்கிய சர்வகலாசாலை. அங்கே உள்ள அருங்காட்சிச்சாலையில் அந்தக் குடிசையைப் பார்க்கலாம். ஒன்பது பிள்ளைகள் கொண்ட குடும்பத்துக்கு அது மிகவும் சின்ன வீடு.